சந்திராஷ்டமமும் சூரியப் புயலும்

இந்த உலகத்துல எனக்கு ஆகவே ஆகாத பொருள் பஞ்சு. திருப்பூர் மண்ணரையில எங்களுக்குச் சின்னதா ஒரு நிட்டிங் கம்பெனி. மேல நூல் கோன் ஏத்துனா, கீழ துணி சுத்திச் சுத்தி இறங்கற வட்ட மெஷினுக. ஓடற நூல்ல இருந்து பஞ்சு பறந்துக்கிட்டே இருக்கும். அதுல ஒரு பொட்டு போயி ஊசி வாயில உக்காந்தாப் போதும், துணியில ஓட்டை. அதுக்காகவே மெஷின் தலையில ஒரு ஃபேன் எந்நேரமும் சுத்திக்கிட்டு இருக்கும். அது நல்லா வீசுனா பஞ்சு கிட்ட வராது. மெதுவாச்சுன்னா சத்தமில்லாம வந்து படிஞ்சுரும். இறங்குன துணியை வெளிச்ச மேசை மேல இழுத்துப் போட்டு ஓட்டை பாக்கறது என்னோட வேலை. என் வாய்க்குப் பயந்துக்கிட்டே எங்க ஃபிட்டரு எண்ணெய் போட மறந்தாலும் ஃபேனைத் தொடைக்க மறக்க மாட்டாரு.

இந்த மெஷின் சத்தத்துக்குள்ளதான் எம் பொண்ணு வளந்தா. ஒரே பொண்ணு. எங்கூட்டுக்காரருக்கு அவ துணி சம்பந்தமா ஏதாச்சும் படிக்கோணும்னு ஆசை. "நம்ம தொழிலைப் பாத்துக்கற மாதிரி ஒண்ணு படி சாமி"ன்னு கெஞ்சாத கொறையாச் சொன்னாரு. அவ இயற்பியல் எடுத்தா. சரி, படிச்சுட்டு வாத்தியார் வேலைக்காச்சும் போவான்னு பாத்தா, ஊட்டிப் பக்கம் மலை மேல ஒரு ஆராய்ச்சிக் கூடத்துல கொஞ்ச காலம் இருந்தா. அப்பறம் அமெரிக்கா. அங்க கூட வேலை பாத்த பையனையே கட்டிக்கிட்டா. பையனுக்கு நம்ம பக்கத்துலயே சேவூர்தான் ஊருன்னு தெரிஞ்ச பொறவுதான் எங்கூட்டுக்காரரு மூச்சு உட்டாரு.

"என்ன வேலை கண்ணு பாக்கற?"ன்னு கேட்டா, "எண்ணறம்மா"ம்பா.

"எதை?"

"வானத்துல இருந்து விழுகறதை."

"கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

நான் தலையில அடிச்சுக்குவேன். கல்யாண ஊட்டுல ஒறம்பரைக யாராச்சும் கேட்டா, "கம்ப்யூட்டர்ங்க"ன்னு சொல்லிட்டுப் பந்திப் பக்கம் நடையைக் கட்டிருவேன். அதுக்கு மேல பழமை பேச என்கிட்டச் சரக்கு இல்லை.

ஒருக்கா லீவுக்கு வந்திருந்தப்ப மெஷின் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிட்டு, "கையை நீட்டும்மா"ன்னா. நீட்டுனேன். என் உள்ளங்கையவே உத்துப் பாத்து, "இப்ப ஒண்ணு போச்சு. இந்தா, இன்னொண்ணு"ன்னா.

"என்னடி போச்சு?"

"எங்கியோ ஒரு நட்சத்திரம் வெடிச்சுச் செதறுன துகளும்மா. லச்சக்கணக்கான வருசம் பறந்து வந்து நம்ம காத்து மண்டலத்து மேல மோதி ஒடையுது. அந்தத் துண்டுக மழையாட்டக் கீழ விழுகுது. கூரை, காரை, உன் கை, எல்லாத்தையும் தாண்டிப் பூமிக்குள்ள போயிரும். காஸ்மிக் கதிருன்னு நான் எண்ணறது இதைத்தான்."

நான் வெடுக்குன்னு கையை இழுத்துச் சேலையில தொடைச்சேன். அவ சிரிச்ச சிரிப்பு மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டுச்சு.

"பயப்படாத. கீழ வர்றது நெம்பக் கொஞ்சம். உன் மெஷினுக்கு இருக்கற மாதிரி நமக்கும் ஒரு ஃபேன் ஓடுது"ன்னு மேல கை காட்டுனா. பொழுதுதான், அதான் சூரியன்தான், அந்த ஃபேனாம். அதுல இருந்து எந்நேரமும் ஒரு காத்து வீசுதாம். நாம மூச்சு இழுக்கற காத்து இல்லை. மின்சாரம் ஏறுன துகளும் காந்தமும் கலந்த காத்து. வெளிய இருந்து வர்ற கதிரை அது தள்ளித் தள்ளி உடுதாம். பதினொரு வருசத்துக்கு ஒரு சுத்துன்னு பொழுது மாறுமாம். மூஞ்சியில கரும்புள்ளி நெறைய இருக்கற வருசம் ஃபேன் வேகம், கதிர் கம்மி. புள்ளியே இல்லாம அது சும்மாக் கெடக்கற வருசம் ஃபேன் மெதுவு, கதிர் எச்சு.

"அப்பப் பொழுது கோவமா இருந்தா நமக்கு நல்லதுங்கற?"

"உன்னையாட்டத்தான்"ன்னா கழுதை.

அந்தக் காத்தையும் தாண்டி வர்றதைப் பூமியோட காந்தம் மூடி போட்ட மாதிரி தடுக்குதாம். வடக்கு கோடியிலயும் தெக்கு கோடியிலயும் அந்த மூடி தெறந்து கெடக்குதாம். நடுவுலதான் கெட்டியாம். அதுலயும் நம்ம ஊரு இருக்கற பக்கம் உலகத்துலயே நல்லா மூடுன இடத்துல சேர்த்தியாம். "அப்பறம் எதுக்குடி அங்க போயி உக்காந்திருக்கற?"ன்னு கேட்டேன். அவ ஸ்டூலைத் தூக்கிக்கிட்டு வெளிய போயிட்டா. அன்னைக்குப் பூரா எனக்கு ஒரே குஷி.

அதுக்கப்பறம் வந்த வருசங்க நல்லா இல்லை. மொதத் தடவை முழுகாம இருந்தது மூணாம் மாசத்துல கலைஞ்சு போயிருச்சு. ஏதோ கூட்டம்னு வேற நாட்டுக்குப் பறந்து போயிட்டு வந்த கையோட நடந்துச்சு. ரெண்டாந் தடவை, மாமியா ஊட்டு விசேசத்துக்கு இங்க வந்துட்டுத் திரும்பிப் போயிக் கொஞ்ச நாள்ல. அஞ்சு மாசம் நெருங்கியிருந்துச்சு. அடுத்தாப்புல கொரோனா வந்து பிளேனெல்லாம் நின்னுபோச்சு. பெத்த பொண்ணு அங்க தனியாக் கெடக்கறா, நான் இங்க மெஷின் கூட ஓடாத கம்பெனியில உக்காந்து சொவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கறேன். அலைச்சல்தான் காரணம்னு போன்ல ஏசுனேன். வேற என்ன செய்யத் தெரியும் எனக்கு?

"டாக்டர் காரணம்னு ஒண்ணும் இல்லைங்கறாங்கம்மா"ன்னா. அழுகலை. அதுதான் எனக்கு வெசனம். காரணம் இல்லாம எப்படிப் போகும்? துணியில ஓட்டை உழுந்தா ஒரு ஊசி இருக்கோணும், இல்லாட்டி ஒரு பஞ்சு இருக்கோணும். இத்தனை வருசத்துல காரணமில்லாத ஓட்டைய நான் பாத்ததே இல்லை. சோசியகாரரு ஒண்ணு சொன்னாரு, முருகனுக்கு வேண்டிக்கிட்டேன், ஒறம்பரைக ஆளுக்கொரு வைத்தியம் சொன்னாங்க.

கொஞ்ச வருசம் கழிச்சு, எல்லாரும் கேக்கறதையே நிறுத்துன பொறவு, மறுபடியும் முழுகாம இருந்தா. மூணாம் மாசம் தாண்டுச்சு. அஞ்சாம் மாசம் தாண்டுச்சு. ஒவ்வொரு மாசமும் நான் பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் தாண்டுனேன். ஆறு முடியறப்ப அவளே, "பிரசவத்துக்கு அங்க வந்தர்றம்மா"ன்னா. மாப்பிள்ளைக்கு லீவு இல்லை, பின்னாடி வருவாரு. அங்கத்த டாக்டரும் இப்பப் பறக்கலாம்னுட்டாங்க.

எங்க பக்கம் கட்டுச்சோறுன்னு ஒரு முறை. பொறந்தூட்டுல ஒத்தப்படையில சோறு வகை ஆக்கி, மாமியா ஊட்டுக்குக் கொண்டுபோயி விருந்து வெச்சு, பொண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டியாறது. சேவூர்ல சம்பந்தியம்மாகிட்டப் பேசி நாள் குறிச்சாச்சு. அதுக்குத் தகுந்த மாதிரி பிளேன் டிக்கெட்டும் போட்டாச்சு. நானும் சோசியகாரரும் கட்டுச்சோத்துக்கு நாள் பாத்தமே ஒழிய, அவ கெளம்பற நாளைப் பாக்கலை. பிளேன் ஏறறதுக்கு மொத நாள் காலையில, என்னமோ தோணி, தினசரிக் காலண்டர்ல அடுத்த தாளைத் தூக்கிப் பாத்தேன். அவ நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம்.

ராசிக்கு எட்டாமிடத்துல சந்திரன் நிக்கற நாளு அது. ரெண்டு நாளைக்கு மேல இருக்கும். யாருக்குச் சந்திராஷ்டமமோ அவங்க கையால எங்க கம்பெனியில புது நூல்கூட மெஷின்ல ஏத்த மாட்டம். அப்படி இருக்க, ரெண்டைப் பறிகுடுத்த பொண்ணு, வயித்துல ஒண்ணோட, கடலைத் தாண்டி வர்றதா? போன் போட்டேன்.

"கண்ணு, கோவிச்சுக்காத. ரெண்டு நாள் தள்ளிப் போடு."

சண்டைக்குத் தயாராத்தான் இருந்தேன். எப்பவும், "சந்திரன் எட்டுல இருந்தா என்ன, எட்டரையில இருந்தா என்னம்மா?"ன்னு எகத்தாளம் பேசறவ. அன்னைக்கு எப்ப முடியுதுன்னு மட்டும் கேட்டா. அப்பறம், "சரிம்மா. தள்ளிப் போட்டர்றேன்"ன்னா.

போனை வெச்சுட்டு எங்கூட்டுக்காரர்கிட்டப் பெருமை அடிச்சுக்கிட்டேன். "பாத்தீங்களா, வயித்துல ஒண்ணு வந்தா எல்லாப் புத்தியும் தானா வந்துரும்"னு. அட கெரகமே, எனக்குத்தான் புத்தி வரலை.

தள்ளிப் போட்ட அந்த ரெண்டு நாளும் கழிஞ்சு, காலையில வாட்ஸப்புல சேதி வந்துச்சு. "ஏறிட்டம்மா. மேல ஃபேன் இப்ப ஃபுல் ஸ்பீடு. நீ வெசனப்படாம இரு." லொள்ளு பேசறான்னு நெனைச்சுச் சிரிச்சுக்கிட்டே சோத்துக்கு உலை வெச்சேன்.

மத்தியானம் கம்பெனி ஆபீஸ் ரூம்ல டிவி ஓடிக்கிட்டு இருந்துச்சு. சூரியப் புயல் பூமியைத் தாக்குதுன்னான். வடக்க வானமே செவந்து கெடக்கறதைக் காட்டுனான். செயற்கைக்கோளுக்கு ஆபத்துன்னான், கரண்டுக்கு ஆபத்துன்னான். கடைசியில, வடதுருவம் பக்கமாப் போற விமானங்களுக்குக் கதிர்வீச்சு அபாயம்னான்.

அந்தப் பிளேன்லதான் எம் பொண்ணு இருக்கறா. காந்த மூடி தெறந்து கெடக்குதுன்னு அவளே சொன்ன அந்தக் கோடி வழியாத்தான் வர்றா. நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, ரெண்டு நாள் முன்னாடியே வந்து எங்கூட்டுக் கட்டில்ல படுத்திருப்பா. கிரகணம்னா முழுகாம இருக்கற பொண்ணைக் கதவைச் சாத்தி, பொட்டு வெளிச்சம் படாம உள்ள உக்கார வெக்கற ஆளு நான். அவ வளந்த ஊட்டுல வர்ற போற பொண்ணுகளுக்கெல்லாம் அதைச் செஞ்சிருக்கறேன். எம் பொண்ணைப் பொழுதுக்கு நேரா நடு ஆகாசத்துல ஏத்தி உட்டுட்டேன்.

"ஏனுங்க, பிளேன்காரங்களுக்குப் போனைப் போடுங்க."

போட்டாரு. பாட்டு வந்துச்சு. இங்கிலீஷுக்கு ஒண்ணை அமுத்து, இந்திக்கு ரெண்டை அமுத்துன்னு ஒரு பொம்பளை பேசுச்சு. அமுத்துனாரு. மறுபடி பாட்டு. போனைப் புடுங்கி நானும் அமுத்துனேன். மறுபடி அதே பாட்டு. "சித்த கீழ எறக்கச் சொல்லுங்களேன்"ன்னு கத்துனேன். "எறக்கறதுக்கு அது என்ன டவுன் பஸ்ஸா புள்ளை?"ன்னாரு. சொல்லிட்டு அவரு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு.

மாப்பிள்ளைக்குப் போட்டேன். அங்க நடுச்சாமம். மொத ரிங்குலயே எடுத்தாரு. "பயப்படாதீங்க அத்தை. பைலட்டுக்கு முன்னாடியே சொல்லிருவாங்க. துருவம் பக்கம் போகாம தெக்கால வளைச்சுக் கொண்டாருவாங்க. தேவைப்பட்டா உசரத்தையும் கொறைச்சுக்குவாங்க. நேரம் எச்சாகும், அவ்வளவுதானுங்க."

"உங்களுக்குப் பயமா இல்லீங்களா மாப்பிள்ளை?"

"இருக்குதுங்க அத்தை"ன்னாரு.

பிளேன் எங்க போகுதுன்னு போன்லயே பாக்கலாம்னு எங்கூட்டுக்காரரு ஒண்ணைத் தெறந்தாரு. மஞ்சளா ஒரு குட்டிப் பிளேன், நெஜமாலுமே வளைஞ்சு வந்துக்கிட்டு இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல அப்படியே நின்னுபோச்சு. சிக்னல் கெடைக்காட்டி அப்படித்தான் நிக்குமாம், பிளேன் நின்னுபோச்சுன்னு அர்த்தம் இல்லையாம். தெரியுது, ஆனா என் நெஞ்சுக்கு அதை யாரு சொல்லறது? "ஜன்னலை மூடி வை கண்ணு"ன்னு வாட்ஸப்புல அனுப்புனேன். ஒத்தை டிக்கோட நின்னுச்சு. ரெண்டாவது டிக்குக்காகப் போனையவே மொறைச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அந்நேரம் பாத்து மெஷின் ஓட்டற பீகார்க்காரரு வந்து, "மேடம், பங்கா பந்த்"ன்னாரு. ஒரு மெஷின்ல ஃபேன் நின்னுபோயி, ஊசி மேல பஞ்சு வெள்ளையாப் படிஞ்சு கெடக்குது. கீழ இறங்கற துணியில ஓட்டை ஓட்டையா வருது. ஃபிட்டரு டீ குடிக்கப் போயிட்டாரு. எனக்கு வந்த ஆங்காரத்துல அந்தப் பீகார்க்காரரைப் புடிச்சு வாய்க்கு வந்தபடி ஏசுனேன். பாவம், அவருக்கு ஒண்ணும் புரியலை, தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. மெஷினை நிறுத்தச் சொல்லிட்டு ஸ்டூல் மேல ஏறி, அந்த ஃபேனைக் கையாலயே சுத்துனேன். சுத்துனா ஒரு சுத்துச் சுத்தும், நின்னுரும். மறுபடி சுத்துனேன். கண்ணுல தண்ணி ஊத்துது, நிறுத்த முடியலை. பீகார்க்காரரு ஸ்டூலை ரெண்டு கையாலயும் அசையாமப் புடிச்சுக்கிட்டு நின்னாரு.

மறுநாள் காலையில கோயமுத்தூர் ஏர்போர்ட்டுல வயித்தை முன்னாடி தள்ளிக்கிட்டு அவ நடந்து வந்தா. கட்டிப்புடிச்சு அழுகோணும்னுதான் நின்னேன். வாயில வந்தது வேற. "ஏண்டி, புயல்னு ஏறறதுக்கு முன்னாடி சொல்லறதுக்கென்ன?"

"சொன்னனேம்மா. ஃபேன் ஃபுல் ஸ்பீடுன்னு."

கார்ல வர்றப்பச் சொன்னா. புயல்ல ரெண்டு சங்கதி இருக்குதாம். வெடிக்கற நேரத்துல சில தடவை பொழுதே வேகமாக் கொஞ்சம் துகளைத் துப்பும். வடக்க உசரத்துல பறக்கறவங்களுக்கு அது ஆகாது, டிவிக்காரன் சொன்னது அதை. ஒரு நாள், ரெண்டு நாள் கழிச்சுப் பெரிய மேகமாட்ட ஒண்ணு வந்து பூமியைத் தாண்டிப் போகும். அது வர்றப்ப, வெளிய இருந்து வர்ற காஸ்மிக் கதிரையெல்லாம் ஒதுக்கித் தள்ளிட்டு வருமாம். கொஞ்ச நாளைக்குக் கதிர் கம்மியாத்தான் இருக்குமாம். "மெஷினை நிறுத்திட்டுக் கம்ப்ரசர்ல ஏர் அடிப்பீங்கல்ல? ஒரே அடியில பஞ்செல்லாம் ஓடிரும். அடிக்கற நேரம் குறுக்க நின்னாக் கண்ணுல உழுகும். அடிச்சு முடிச்ச பொறவு சுத்தமா இருக்கும். அந்தச் சுத்தத்துக்குள்ளதான் நான் வந்தேன்"ன்னா.

"ஜன்னலை மூடி வைன்னு அனுப்புனேனே?"

"இப்ப இறங்குன பொறவுதான் வந்துச்சு. மூடித்தான் வெச்சிருந்தேன்."

அப்பவே எனக்கு உறைச்சிருக்கோணும். கூரையையும் காரையையும் தாண்டிப் போறதை ஜன்னல் மூடி தடுக்காதுன்னு என்னைய உட அவளுக்கு நல்லாத் தெரியும். நான் பெத்த பொண்ணு வந்து சேந்த சந்தோசத்துல அதைக் காதுலயே போட்டுக்கலை.

சேவூர்ல கட்டுச்சோறு நல்லபடியா முடிஞ்சுது. புளிச்சோறு, தக்காளிச்சோறு, தேங்காச்சோறுன்னு ஒத்தப்படையில ஆக்கிக் கொண்டுபோயி, வளையல் போட்டு, சம்பந்தியம்மா வாசல் வரைக்கும் வந்து வழியனுப்ப, எம் பொண்ணைக் கூட்டியாந்துட்டேன். பத்து நாள் ஆயிருக்கும். ஒரு மத்தியானம் கம்பெனிக்கு வந்து, நான் துணி பாக்கற மேசைக்குப் பக்கத்துல கால் நீட்டி உக்காந்திருந்தா. பேச்சு வாக்குல கேட்டேன், "எப்பவும் சண்டைக்கு வருவியே, சந்திராஷ்டமம்னதும் எப்படிடி சரின்ன?"

போனை எடுத்து ஒரு கோட்டைக் காட்டுனா. நேரா வந்துக்கிட்டு இருந்த கோடு பொதுக்குன்னு ஒரு குழியில உழுந்து, மெல்ல மேல ஏறி வந்துச்சு. கதிரை எண்ணி எண்ணிப் போடற கோடாம். "நீ போன் பண்ணுன அன்னைக்குத்தான் பொழுதுல வெடிச்சுதும்மா. அடுத்த நாள் வர்றதா, இல்லை இந்தக் குழி உழுகற வரைக்கும் இருக்கறதான்னு தவிச்சுக்கிட்டு இருந்தேன். நீ தள்ளிப் போடுன்ன. போட்டுட்டேன்."

"அப்பப் பிளேன்ல வந்தா ஆபத்துங்கறியா?"

"இல்லைம்மா. ஒரு தடவை பறக்கறதுல ஒண்ணும் ஆகாது. கணக்குப் போட்டே பாத்துட்டேன். ஒண்ணுமே இல்லாத அளவு."

"அப்பறம் எதுக்குடி?"

போனைக் கவுத்து மடியில வெச்சா. "ரெண்டு தடவை போனப்பவும் பறந்துட்டு வந்தேனே. ரெண்டு வருசமும் பொழுதுல புள்ளியே இல்லை. ஃபேன் நிக்காத கொறைதான். அதனால இல்லைன்னு எனக்கு நல்லாத் தெரியும்மா. பாடம் எடுத்திருக்கறேன், நானே எழுதியிருக்கறேன், அதனால இல்லை. ஆனா வேற காரணமும் யாரும் சொல்லலியே."

சொல்லிட்டு அழுதா. அத்தனை வருசம் அழுகாதது எல்லாத்தையும் அன்னைக்கு அழுதா. மெஷின் சத்தத்துல வெளிய யாருக்கும் கேக்கலை. நான் அவ தலையை என் வயித்தோட சேத்துப் புடிச்சுக்கிட்டேன். படிச்சவ, நமக்குத் தெரியாதது எல்லாம் அவளுக்குத் தெரியும்னு இருந்தேன். அவளும் என்னையாட்ட அடுத்த தாளைத் தூக்கித் தூக்கித்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கறா. எனக்காச்சும் திட்டறதுக்கு ஒரு சந்திரன் இருந்துச்சு. அவளுக்கு அதுகூட இல்லை.

அதுக்கப்பறம் தெனமும் காலையில நான் காலண்டர் தாளைக் கிழிப்பேன், அவ போனைப் பாப்பா. "இன்னைக்கு ஃபேன் எப்படி ஓடுது கண்ணு?"ம்பேன். "நல்லா ஓடுதும்மா. இன்னைக்குச் சந்திரன் எங்க நிக்குது?"ம்பா. ரெண்டு பேரும் சிரிச்சுக்குவோம். நெசமாலுமே சிரிப்பு வந்துச்சான்னு கேட்டா, இல்லை.

எட்டாம் மாசம் முடியறதுக்குள்ள ஒரு செவ்வாக்கெழமை. கொழந்தை அசையறது கம்மியா இருக்குதும்மான்னா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு ஓடுனோம். வயித்துல பெல்ட் கட்டி, கொழந்தையோட துடிப்பைக் கோடாப் போடற மெஷின்ல மாட்டுனாங்க. கோடு நேரா வந்துச்சு. திடீர்னு ஒரு குழியில உழுந்துச்சு. ஏறி வந்துச்சு. மறுபடி உழுந்துச்சு. போன்ல நான் பாத்த அதே மாதிரிக் குழி. அந்தக் குழி நல்லதுன்னு சொல்லிக் குடுத்தவ, இந்தக் குழியைப் பாத்துக்கிட்டு என் கையை நெரிச்சா.

டாக்டரம்மா வந்து பாத்தாங்க. "இப்பவே எடுத்தாகணும்ங்க."

நான் சொவத்துக் கடிகாரத்தைப் பாத்தேன். செவ்வாக்கெழமை ராகுகாலம் அப்பத்தான் பொறந்திருந்துச்சு. வாயைத் தெறந்தேன். சித்த நேரம் பொறுக்கலாங்களான்னு கேக்கத்தான் தெறந்தேன். மூடிக்கிட்டேன். எங்கூட்டுக்காரரு என்னையப் பாத்தாரு, அவருக்கும் கெழமை தெரியும். ஸ்ட்ரெச்சர்ல தள்ளிக்கிட்டுப் போறப்ப அவ கையில போன் இருந்துச்சு. கதவுக்கிட்ட வந்ததும் அதை என் கையில குடுத்தா.

"அணைச்சு வெச்சுரும்மா."

கதவைச் சாத்திக்கிட்டாங்க. அணைக்கறதுக்கு எந்தப் பட்டனை அமுத்தறதுன்னு எனக்குத் தெரியலை. அதைக் கவுத்து மடியில வெச்சுக்கிட்டு, எதுத்த சொவத்துல இருந்த கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். பொழுதும் சந்திரனும் ராகுவும் என்னமோ பண்ணட்டும், உள்ள ஒரு சத்தம் கேட்டாப் போதும் சாமின்னு இருந்துச்சு. கேக்கலை. கேக்கலை. அப்பறம் பூனைக்குட்டி கத்தற மாதிரி சன்னமா ஒண்ணு கேட்டுச்சு.

பொண்ணு. எடை கம்மின்னு கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சாங்க. தொடக் கூடாதுன்னாங்க. தெனமும் போயி அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னோம். மாப்பிள்ளை வந்து சேந்து அவரும் எங்களோட நின்னாரு. அங்க வேற ஒண்ணும் செய்யறதுக்கு இல்லை. ஒரு நாள் எடுத்து எம் பொண்ணு கையில குடுத்தாங்க.

ஊட்டுக்கு வந்த பொறவு, சாதகம் எழுதோணும், பொறந்த நேரத்தைச் சொல்லுங்கன்னு சோசியகாரரு போன் பண்ணுனாரு. "பாக்கலீங்க. பதட்டத்துல கவனிக்கலீங்க"ன்னேன். ஆஸ்பத்திரியில கேட்டாச் சொல்லுவாங்களேன்னாரு. கேக்க வேண்டாமுங்கன்னு வெச்சுட்டேன். தொட்டில் பக்கத்துல உக்காந்து நான் பேசறதை எம் பொண்ணு கேட்டுக்கிட்டே இருந்தா.

"ஏங்கண்ணு, அன்னைக்கு ஃபேன் எப்படி ஓடுச்சு?"ன்னேன்.

"பாக்கலைம்மா"ன்னா.

அந்தக் கோடு எந்நேரமும் போன்லயே கெடக்கும், எந்த நாளோடதையும் எடுத்துப் பாக்கலாம். அவ பாக்காம இருந்திருப்பாளா? கடிகாரம் எனக்கு நேரெதுக்க இருந்துச்சுன்னும் அவளுக்குத் தெரியும். ரெண்டு பேரும் கொழந்தையைப் பாத்துக்கிட்டோம். அதுக்கு மேல நானும் கேக்கலை, அவளும் கேக்கலை.